வேர் தேடும் படலம் – 17: தேடிக் கொடுத்த வரலாறு யாருக்குச் சொந்தம்?

1860 நவம்பர் 16 அன்று, மதராஸில் புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் அது. 1911 வரை அப்படிப் போய் இறங்கியவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலானோர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதற்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம். ஆளைக் கணக்கில் வைக்க எழுதிய அந்தப் பேரேடுகள்தான் இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் பலருக்குப் பூர்வீக ஊரைக் காட்டும் தடயம். கணினியில் ஏற்றிய பட்டியல் இணையத்திலும் கிடைக்கிறது.

பட்டியல் கிடைத்ததும் ஊர் கிடைத்துவிடாது. எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் பதிந்த ஊர்ப்பெயருக்கு, வட ஆற்காட்டில் அதே ஓசையில் நாலு ஊர் இருக்கும். ஒரே கப்பலில் பல முனுசாமிகள் இருப்பார்கள். வயது, தகப்பன் பெயர், கூட வந்த மனைவி பெயர் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி, திருமணப் பதிவோடும் இறப்புப் பதிவோடும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதோடும் ஒத்துப்பார்த்த பிறகே, 'இவர்தான் நம் கொள்ளுத்தாத்தா' என்று சொல்ல முடியும். ஆராய்ச்சி என்பது அந்தத் தீர்மானம்தான்.

இப்படிப் பாடுபட்டுச் சேர்த்ததை ஒருவர் இணையத்தில் ஏற்றுகிறார். சில நாளில், முன்பின் தெரியாத ஒருவரின் வம்ச மரத்தில் அதே பெயர்கள், அதே புகைப்படம், அவர் எழுதிய அதே வாக்கியங்கள். தேடியவர் பெயர் மட்டும் இல்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்தக் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல், கான்ஸாஸ் தொலைபேசி விவரப் புத்தகம் ஒன்றைப் பற்றிய 'ஃபைஸ்ட்' வழக்கில், வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, வியர்வை சிந்தித் திரட்டியதாலும் அது வந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடுத்த வழக்கில், நீதிமன்றத் தீர்ப்புகளின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது என்றது. சட்ட அறிவைச் செலுத்தி அவற்றைப் பத்தி பிரித்து எண்ணிட்ட வேலைக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. முனுசாமி எந்தக் கப்பலில் வந்தார் என்ற தகவலுக்கு எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. அவரைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கங்கள் உங்களுடையவை.

அந்த உரிமையையும் பல சமயம் நாமே 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்திப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறோம். இலவசமாகக் கொடுத்தது யார் கைக்குப் போகும் என்பதும் நம் வசத்தில் இல்லை. 'ரூட்ஸ்வெப்' என்பது தன்னார்வலர்கள் கல்லறை வாசகங்களையும் பழைய பதிவேடுகளையும் தட்டச்சு செய்து இலவசமாகப் பகிர்ந்துகொண்ட தளம். 2000-ல் அது, கட்டண வம்சாவளித் தளமான 'ஆன்செஸ்ட்ரி'யை நடத்திய நிறுவனத்தின் கைக்குப் போனது. 2007-ல் ஆன்செஸ்ட்ரி, பலர் இலவசமாக வைத்திருந்த இணையப் பக்கங்களை நகலெடுத்துத் தன் சந்தாதாரர்களுக்கான தொகுப்பில் சேர்த்தது. ஆராய்ச்சியாளர்கள் கொதித்தெழுந்ததால் சில நாட்களில் அந்தத் தொகுப்பை நீக்கியது.

2020-ல் 'பிளாக்ஸ்டோன்' முதலீட்டு நிறுவனம் ஆன்செஸ்ட்ரியை 470 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே விதிமுறை மாறியது. உறுப்பினர்கள் ஏற்றியதைப் பயன்படுத்தும் அனுமதி நிரந்தரம், திரும்பப் பெற முடியாது என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: நீங்கள் நீக்கினால் அனுமதி முடிவுக்கு வரும்; ஆனால், பொதுவில் வைத்ததை வேறு உறுப்பினர் நகலெடுத்திருந்தால், அவரும் நீக்கும்வரை தொடரும். பாட்டியின் கல்யாணப் புகைப்படம் ஒரு முறை அப்படிக் கை மாறினால், யார் யாரிடம் போய்க் கெஞ்சுவது?

புகைப்படம் போனதைவிடப் பிழை பரவுவது பெரிய கேடு. தவறான முனுசாமியை ஒருவர் தாத்தாவாக்கினால், பத்துப் பேர் அதை நகலெடுப்பார்கள். பத்து மரத்தில் இருப்பதாலேயே அது உண்மையாகிவிடும். 'ஃபேமிலிசர்ச்' தளம் வேறு வழியில் போகிறது. அங்கே எல்லோருக்கும் ஒரே மரம், யாரும் திருத்தலாம், யார் எப்போது திருத்தினார் என்பது பதிவாகும். உங்கள் தாத்தாவை அந்நியர் திருத்துவதைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஆதாரத்தோடு ஏற்றியவருக்குத்தான் அங்கே வாதாட இடமுண்டு.

உயிரோடு இருப்பவர்களின் விஷயம் வேறு. அத்தையின் முதல் திருமணம், சித்தப்பா தத்து வந்தவர் என்ற செய்தி, தங்கையின் பிறந்த தேதி ஆகியவை நாம் தேடிக் கண்டுபிடித்ததால் நம்முடையவை ஆகிவிடா. அவர்களைக் கேட்காமல் ஏற்றும் உரிமை எந்த ஆராய்ச்சியாளருக்கும் இல்லை.

எனவே ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். முழுத் தொகுப்பின் பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் கப்பல், எண், பதிவேடு என்று ஆதாரம் எழுதுங்கள். உயிரோடிருப்பவர் பெயரை மறையுங்கள். பிறர் தேடியதை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். முன்னோர் வம்சம் முழுவதற்கும் பொது. அவர்களைப் பற்றி நான்கு பேர் தெரிந்துகொள்ளத்தானே தேடினோம்? தேடியவருக்கு உரியது நன்றியும், தன் முடிவு சரியா என்று எவரும் சோதித்துப் பார்க்கும் மரியாதையும். இரண்டையும் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

அடுத்த வாரம்: கப்பல் பட்டியலில் உள்ள சாதிக் கட்டத்தை இணையத்தில் காட்டலாமா?

(தொடரும்)