மருந்தும் காவலும் – 14: மீனுக்கு 500, முட்டைக்கு 7

கோலிஸ்டின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. மனிதருக்குக் கடைசி நம்பிக்கையான அந்த ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்கும் கால்நடைக்கும் மீனுக்கும் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் பிளாஸ்மா மருந்துகளுக்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் மருந்து விதிகளில் 97-ஆம் விதியின் ஒரு துணைப்பிரிவு கண்ணில் பட்டுவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

2012 ஜனவரியில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. முட்டை, பால், இறைச்சி தரும் உயிர்களுக்கான மருந்தின் லேபிளில், மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து அவற்றை உணவுக்கு விடலாம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த மருந்துக்கென ஆய்ந்து உறுதிசெய்த கால அளவு இல்லையென்றால் முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள். கோழி, ஆட்டு இறைச்சிக்கு 28 நாள். மீனுக்கு? 500 டிகிரி-நாள்!

மீனுக்கென்று தனி உடல் சூடு கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. நீர் குளிர்ந்தால் ஈரலும் சிறுநீரகமும் மந்தமாகிவிடும், மருந்து வெளியேற நாளாகும். ஆகவே ஒவ்வொரு நாளும் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். கூட்டுத்தொகை 500-ஐ எட்டிய பிறகே வலை வீசலாம். நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்குட்டையில் தண்ணீர் 25 டிகிரி என்றால் 20 நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். நீலகிரியில் டிரவுட் வளரும் குளிர்நீர் 10 டிகிரியில் இருந்தால் அதே மருந்துக்கு 50 நாள் காத்திருக்க வேண்டும். சட்டப் புத்தகத்துக்குள் உயிரியல் இவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோழியின் உடல் சூடு எப்போதும் 41 டிகிரியை ஒட்டியே இருக்கும். எனவே வெறும் நாள் கணக்கே போதும். ஆனால் 7 நாள் போதுமா? மஞ்சள் கரு வேகமாகத் திரள்வது முட்டையிடுவதற்கு முந்தைய சுமார் 10 நாளில், அதுவும் அடுக்கடுக்காக. இன்று கொடுத்த மருந்து ஓர் அடுக்கில் தங்கினால், எட்டாம் நாள் இடும் முட்டையிலும் அது இருக்கலாம். மருந்துக்கு மருந்து இது மாறும். விதியில் 'குறைந்தது' என்று போட்டிருப்பதை அழுத்திப் படிக்க வேண்டும்.

மோகனூர் சாலைப் பக்கம் ஒரு லேயர் பண்ணையைப் பார்த்தேன். ஷெட்டின் ஓரத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து கூண்டு வரிசை நெடுகக் குழாய் ஓடுகிறது, குழாயில் சாணுக்கொரு நிப்பிள். மருந்தைத் தொட்டியில் கலந்தால் நோய்ப்பட்ட கோழியும் குடிக்கும், நன்றாக இருக்கும் கோழியும் குடிக்கும். "ஏழு நாளைக்கு முட்டைய எங்கீங்க கொண்டு போயி வெக்கறது?" என்று கேட்டார் பண்ணைக்காரர். 50,000 கோழியில் 40,000 முட்டையிட்டால் வாரத்துக்கு 2,80,000 முட்டை. அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த முட்டைதான் சத்துணவுத் தட்டுக்கும் கேரளத்துக்குப் போகும் லாரிக்கும் போகிறது என்பதும் உண்மை. நஷ்டம் முழுவதையும் பண்ணைக்காரர் தலையில் கட்டினால் எந்த விதியும் நடக்காது. தன் மருந்து மஞ்சள் கருவில் எத்தனை நாள் தங்கும் என்று ஆய்ந்து பார்க்காமல், பொதுவான 7 நாளை லேபிளில் போட்டுவிட்டு ஒதுங்கும் நிறுவனங்களைத்தான் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

ஹீமோபிலியா குழந்தைகளுக்கான ஃபேக்டர் 8, அதற்கான பிளாஸ்மாவைச் சோதிக்கும் முறை எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் பண்ணை வைத்திருக்கும் வாசகர்கள் ஒன்று செய்யுங்கள்: அலமாரியில் இருக்கும் மருந்துகளின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நாள் கணக்கு அச்சிடாத மருந்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.