ஓட்டு ரெயிலுக்கு... சவாரி காரில்!
லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு விசித்திரம்

அமெரிக்காவில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ், கார்களின் ஊர். கடைக்குப் போவதும் காரில், பக்கத்துத் தெருவுக்குப் போவதும் காரில். அந்த ஊர்க்காரர்களிடம் போய், "ரெயில் விடுகிறோம், வரி தருகிறீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

முதலில் "முடியாது" என்றுதான் சொன்னார்கள். 1968, 1974, 1976 என்று மூன்று முறை ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றிலும் ரெயில் தோற்றது.

1980-ல் காற்று திசை மாறியது. விற்பனை வரியில் டாலருக்கு அரை சென்ட் கூடுதலாகத் தர மக்கள் சம்மதித்தார்கள். அதையும் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். வரி செல்லும் என்று மாநில சுப்ரீம் கோர்ட்டு 1982-ல் தீர்ப்பு சொன்னது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஊரில் 'சிவப்பு கார்' என்ற மின்சார ரெயில்கள் ஒரு காலத்தில் ஓடின. கடைசியாக ஓடிய லாங் பீச் வண்டியை 1961-ல் நிறுத்திவிட்டார்கள். 1990-ல் புது ரெயில் விட்டபோது முதல் பாதை எது தெரியுமா? அதே லாங் பீச்சுக்குத்தான்!

ரோட்டில் பள்ளம்

1995-ல் சுரங்க ரெயிலுக்குத் தோண்டும்போது ஹாலிவுட் ரோடு அப்படியே உள்வாங்கி, பெரிய பள்ளம் விழுந்தது. செலவும் எகிறியது. ஜனங்களின் கோபம் 1998-ல் ஓட்டுப் பெட்டியில் வெடித்தது. 'இந்த வரிப் பணத்தில் இனி புதுச் சுரங்கம் கூடாது' என்று தடை போட்டார்கள்.

பஸ் பயணிகளும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லை, பணமெல்லாம் ரெயிலுக்குப் போகிறது என்று 1994-ல் வழக்குப் போட்டார்கள். பஸ்களைக் கூட்டுவதாக 1996-ல் நிர்வாகம் எழுதிக் கொடுத்தது.

மறுபடியும் ஜெயித்தது

2008-ல் இன்னொரு அரை சென்ட் கேட்டார்கள். இந்தத் தடவை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 100-க்கு 67 பேருக்கு மேல் 'சரி' என்றார்கள். 2012-ல் அந்த வரியை நீட்டிக்கக் கேட்டபோது 66.1 சதவீதம்தான் கிடைத்தது. மயிரிழையில் தோல்வி! 2016-ல் கேட்ட அரை சென்ட்டுக்கு 71 சதவீதம். அமோக வெற்றி!

அதே 2016-ல் சான்டா மோனிகா கடற்கரைப் பக்கம் வரை ரெயில் போய்ச் சேர்ந்தது. கூட்டம் அலைமோதியிருக்க வேண்டுமே? 2014 முதல் 2019 வரை பஸ், ரெயில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பயணிகள் குறைந்துபோனார்கள்!

காரணம் என்ன? 2018-ல் பல்கலைக்கழக நிபுணர்கள் ஒரு கணக்குக் காட்டினார்கள். 2000 முதல் 2015 வரை தெற்கு கலிபோர்னியாவில் கூடிய ஜனத்தொகை 23 லட்சம். வீடுகளில் கூடிய வண்டிகள் 21 லட்சம். கிட்டத்தட்ட ஆளுக்கொரு வண்டி!

ஓட்டுப் போடும்போது, "மற்றவன் ரெயிலில் போகட்டும், என் காருக்கு ரோடு காலியாகும்" என்று நினைப்பவர்களும் உண்டு. ஓட்டுக்கு ஆகும் செலவு அரை சென்ட். ரெயில் ஏறுவதற்கோ ஸ்டேஷன் பக்கத்தில் வீடு வேண்டும், இறங்கும் இடத்தில் ஆபீஸ் வேண்டும். ஆபீசில் கார் நிறுத்த இலவச இடம் இருந்தால் யார் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள்?

இது சர்க்காருக்கும் உறைத்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு அரை மைலுக்குள் கட்டிடம் கட்டினால் கார் நிறுத்த இடம் விட்டே ஆகவேண்டும் என்று நகராட்சிகள் கட்டாயப்படுத்தக்கூடாது. 2022-ல் கையெழுத்தான இந்த மாநிலச் சட்டம் 2023-ல் அமலுக்கு வந்தது.

கார் இல்லாத ஏழையும் இந்த வரியைக் கட்டுகிறார். சோப்பு வாங்கினாலும் கட்டுகிறார், சட்டை வாங்கினாலும் கட்டுகிறார். பஸ் நேரத்துக்கு வராவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். ஓட்டெடுப்பில் ஜெயித்த தலைவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது அவருக்குத்தான்!