தோண்டுவதற்கு முன் – 9
ராஜா இல்லாத நாட்டில் புதையல் யாருக்கு?

அயர்லாந்தின் பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் வடிகால் குழாய் பதித்தாலும் பக்கத்தில் ஒரு தொல்லியலாளர் நிற்பார் என்று போன வாரம் சொன்னேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

அவர் சும்மா நிற்பதில்லை. பொக்லைனுக்குப் பல் இல்லாத வாளியை மாட்டச் சொல்வார். பல் இருந்தால் மண்ணைக் கீறிக் குழப்பிவிடும். இல்லாவிட்டால், பாத்திரத்தின் அடியைக் கரண்டியால் வழிப்பதுபோல் மெல்லிசாக வழித்தெடுக்கும். அப்போதுதான் மண் நிறம் மாறுவது தெரியும். கிழக்கு மேற்காக நீளவாட்டில் ஒரு கருமை தெரிந்தால் அது பெரும்பாலும் குழி. உடனே கை உயரும், வண்டி நிற்கும். மற்றபடி கிடைப்பவை சவப்பெட்டி ஆணி, உடைந்த களிமண் புகைக்குழாய், பின்னாளில் குழி வெட்டியவர்கள் கலைத்துப்போட்ட எலும்புகள்.

இந்த வாரம் அந்த எலும்புகளைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் இவரை அங்கே நிறுத்திய சட்டத்தின் கதையில் விழுந்துவிட்டேன், இன்னும் எழவில்லை.

டிப்பரேரி மாவட்டத்தில், சதுப்பு நிலத்துக்கு நடுவே தீவுபோல் ஒரு மேடு. பெயர் டெரினாஃப்ளான். அங்கே ஒரு தேவாலய இடிபாடு. நாட்டுப்புறக் கதைகளில் வரும் மகா கொத்தனார் கோபான் ஸேரின் கல்லறையும் அங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. (கொத்தனாருக்குக் கல்லறை காட்டும் ஊரை எனக்குப் பிடிக்கும். மன்னர்களுக்குத்தான் எல்லா ஊரிலும் காட்டுகிறார்களே!)

1980 பிப்ரவரியில் ஒரு தந்தையும் மகனும் மெட்டல் டிடெக்டரோடு அங்கே போனார்கள். கருவி கத்தியது. தோண்டினால், ஒரு வெண்கலப் பாத்திரம். அது மூடியிருந்த இடத்தில் வெள்ளி இரசக் கிண்ணம், அப்பத் தட்டு, அதற்கொரு தாங்கி, வடிகட்டி. எல்லாம் 8, 9-ஆம் நூற்றாண்டுத் திருவழிபாட்டுப் பொருட்கள். தேசிய அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள். அரசு 10,000 பவுண்டு சன்மானம் என்றது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தும் விட்டார்கள்!

1987 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. கவிழ்த்த விதம்தான் அழகு. உரிமையாளர் தெரியாத புதையல் மன்னருக்கு என்பது ஆங்கிலேயர் காலத்து மரபு. மன்னரின் அந்தத் தனியுரிமை சுதந்திர அயர்லாந்துக்குக் கைமாறவே இல்லை என்றார்கள் நீதிபதிகள். அப்படியானால் எடுத்தவருக்கா? அதுவும் இல்லை. உரிமையாளர் தெரியாத முக்கியத் தொல்பொருளுக்கு அரசே சொந்தக்காரராக இருப்பது, இறையாண்மையுள்ள நவீன நாட்டின் இயல்பு என்று அரசியலமைப்பிலிருந்தே நியாயம் எடுத்தார்கள். மன்னரை வாசலில் நிறுத்திவிட்டு மக்களிடம் சாவியைக் கொடுத்த தீர்ப்பு. ஆனாலும் தந்தைக்கும் மகனுக்கும் கடைசியில் 50,000 பவுண்டு கிடைத்தது.

அதே 1987-இல், அனுமதியின்றித் தொல்லிடங்களில் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்தத் தடை வந்தது. 1994 சட்டம் அரசின் உரிமையை எழுத்தில் வைத்தது. பதிவேட்டில் உள்ள தொல்லிடத்தில் வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே அமைச்சருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. நம் தொல்லியலாளர் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைவது பெரும்பாலும் அந்தக் கடிதத்தின் வழியாகத்தான்.

எலும்புகள் அடுத்த வாரம், நிச்சயமாக. தீர்ப்பைப் பற்றிச் சட்டம் படித்த வாசகர்களுக்கு வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள், சண்டைக்குத் தயார்.