பேர் இல்லாத வேலை!

பல்வலி வந்துவிட்டால் மேனேஜர், இன்க்ரிமென்ட், மாமியார் எல்லாமே மறந்துபோகும். போன மாதம் எனக்கு வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் வருவதற்குள் என்னை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, கழுத்தில் துண்டு கட்டினார் ஓர் இளைஞர்.

"நர்ஸா தம்பி நீங்க?"

"இல்லண்ணே."

"கம்பவுண்டரா?"

"அதுவும் இல்லண்ணே. வெள்ளிமலைப் பக்கம் நமக்கு. பிளஸ் டூ முடிச்சிட்டு வந்தேன். இங்கே சும்மா 'தம்பி'ம்பாங்க!"

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர். காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றபடியே வேலை. கருவிகளைக் கழுவி, ஆவியில் அவித்து எடுத்து, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்து... "வேலைக்கே பேர் இல்லையே, சம்பளம் எப்படிண்ணே பேசறது?" என்றார்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வலி நின்றதும் விசாரித்தேன்.

பேர் இருக்கிறது சார்! 1948-ம் வருட பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே டாக்டருக்கு அடுத்தபடியாக 'டென்டல் ஹைஜினிஸ்ட்' என்று ஒருவரைச் சொல்லியிருக்கிறார்கள். பல்லில் படிந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, பல்லைப் பாதுகாக்கச் சொல்லித் தருவது அவர் வேலை. இரண்டு வருட டிப்ளமா படித்து, மாநில பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாதவர் பல்லில் கை வைக்கக்கூடாது. 2023-ல் தேசிய பல் மருத்துவ ஆணையத்துக்காகப் புதுச் சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது.

சரி, உங்கள் ஊரில் ஒரு ஹைஜினிஸ்ட்டையாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. காரணம் எளிய கணக்குதான். சின்ன ஊர் கிளினிக்கில் பல் சுத்தம் செய்வதை டாக்டரே செய்துவிடுகிறார். கூட்டம் அதிகமானால் புதிதாக பி.டி.எஸ். முடித்தவர்களே உதவிக்குக் கிடைக்கிறார்கள். மீதி வேலைக்கு ஒரு 'தம்பி' போதும்!

அந்தத் தம்பிக்கு என்ன பாதுகாப்பு? பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் இ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால்தான் பி.எஃப். கிளினிக்கில் இருப்பதோ மூன்று பேர். ஆனால், ரத்தமும் எச்சிலும் தெறிப்பது அவர் முகத்திலும்தான். கழுவும்போது ஊசி குத்தினால் மஞ்சள் காமாலை பி வரலாம். மூன்று தவணைத் தடுப்பூசி போட்டால் அதைத் தடுக்கலாம். "போட்டீங்களா?" என்றேன். "அப்படி ஒண்ணு இருக்காண்ணே?" என்றார்.

அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்ஃப்ரெட் ஃபோன்ஸ் என்கிற பல் டாக்டர், 1906-ல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கே பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். உலகத்தின் முதல் ஹைஜினிஸ்ட் அவர்தான். அதாவது, அந்த ஊர் 'தம்பி'! சிங்கப்பூரில் இன்னும் ஒரு படி மேலே போய், 'ஓரல் ஹெல்த் தெரபிஸ்ட்' என்றே மூன்று வருட டிப்ளமா இருக்கிறது. பல்லைச் சுத்தம் செய்வதோடு, சொத்தையை அடைப்பார்கள், பால்பல்லும் பிடுங்குவார்கள்.

இங்கே? கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. இனிப்புக்குப் பஞ்சமில்லை, சொத்தைக்கும் பஞ்சமிருக்காது! மலை கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பல்லைப் பார்த்து, துலக்கச் சொல்லித்தர அந்த மலையிலேயே பிறந்த ஹைஜினிஸ்ட் ஒருவர் இருந்தால் எவ்வளவு வசதி! அரசாங்கம் மனசு வைத்துப் பதவிகளை உண்டாக்கினால், படிக்கப் பிள்ளைகள் வராமலா போவார்கள்?

அதுவரை, உங்கள் தம்பியோ தங்கையோ கிளினிக்கில் இருந்தால் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: வேலைக்கு ஒரு பேர் போட்ட கடிதம், தடுப்பூசி, வார லீவு.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், வெள்ளிமலைத் தம்பி சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை.

"அந்தப் படிப்புக்கு அப்ளிகேஷன் எப்பண்ணே குடுப்பாங்க?" என்றுதான் கேட்டார்.