மறுபடியும் பாஸ்வேர்டா?

ஆபீஸில் காலை பத்து மணி. அவுட்லுக்கைத் திறக்கிறீர்கள். ‘பாஸ்வேர்ட்?’ என்று ஒரு குட்டிப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. அடிக்கிறீர்கள். மறைகிறது. அப்பாடா என்று டீயைக் கையில் எடுத்தால்... மறுபடி ‘பாஸ்வேர்ட்?’. ‘ஞாபகம் வைத்துக்கொள்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, என்டர் கீயை ஓங்கி ஒரு தட்டு. ஊஹூம்! கல்யாண வீட்டு வாசலில் ஒவ்வொரு தடவையும் ‘நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?’ என்று கேட்கிற பெரியவர் மாதிரி, அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

மதியத்துக்குள் கஸ்டமர் போன் செய்து ‘ஆர்டர் அனுப்பி மூணு மணி நேரம் ஆச்சு, பார்க்கலையா?’ என்பார். ‘மெயில் வரலை சார்’ என்று சொன்னால், மேனேஜர் நம்புவாரா என்ன?

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். ‘உன் பாஸ்வேர்ட் தப்பு’ என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை. ‘சர்வர் என்னை உள்ளே விடலை’ என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் விடவில்லை என்று பல சமயம் அதற்கே தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான், அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் அதே கூட்டலையே பத்து தடவை போட்டுப் பார்ப்பீர்களா? எந்த லெட்ஜரில் உதைக்கிறது என்றுதானே தேடுவீர்கள்? இங்கேயும் அதேதான்.

முதல் டெஸ்ட். பிரவுசரைத் திறந்து, மெயில் முகவரியை நீங்களே டைப் செய்து, பாஸ்வேர்டையும் கையாலேயே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். அங்கேயும் கதவு திறக்கவில்லையா? பாஸ்வேர்டில்தான் கோளாறு. கேப்ஸ் லாக்கைப் பாருங்கள், இல்லையென்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஜம்மென்று உள்ளே போய்விட்டீர்களா? பாஸ்வேர்ட் நிரபராதி! குற்றவாளி, பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற மெயில் புரோகிராம்தான்.

அடுத்த சந்தேகம், பழைய பாஸ்வேர்ட். போன வாரம் நீங்கள் மாற்றிவிட்டீர்கள். விண்டோஸோ பழசையே பத்திரமாக வைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு, கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே அந்த மெயில் கணக்கு சம்பந்தப்பட்டதை மட்டும் நீக்குங்கள். தண்டர்பேர்ட் ஆசாமிகளுக்கு, செட்டிங்ஸில் ‘பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்’ இருக்கிறது. வருகிற மெயிலுக்கு ஒன்று, போகிற மெயிலுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். இரண்டையும் கவனியுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? பூட்டையே மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்! முன்பெல்லாம் மெயில் புரோகிராம் உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் சர்வரிடம் அப்படியே ஒப்பிக்கும். பாஸ்வேர்டைத் திருடியவனுக்கும் அதே வழி போதும். அதனால் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு அந்தக் கதவை கூகுள் 2022 மே 30-ல் சாத்தியது. ஆபீஸ்கள் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் 1 முதல் படிப்படியாகச் சாத்தியது. ஹாட்மெயில், அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16.

இப்போதைய முறைக்குப் பெயர் ‘ஓஆத்’. பாஸ்வேர்டை சர்வரின் சொந்தப் பக்கத்தில் நீங்களே கொடுக்கிறீர்கள், சர்வர் உங்கள் புரோகிராமுக்கு ஒரு டோக்கன் தருகிறது. அப்புறம் டோக்கனைக் காட்டினால் போதும். தண்டர்பேர்டில் ‘ஆதென்டிகேஷன் மெத்தட்’ என்ற இடத்தில் ‘ஓஆத்2’ என்று மாற்ற வேண்டும். வருகிற சர்வருக்கு மாற்றிவிட்டுப் போகிற சர்வரை மறந்தால், மெயில் வரும், போகாது! குக்கீகளையும் தடுக்காதீர்கள்.

அவுட்லுக் 2010 மாதிரி தாத்தாக்களுக்கு இந்த டோக்கன் சமாசாரமே தெரியாது. புதுசுக்கு மாறுவதுதான் வழி. ஜிமெயிலில் மட்டும் ஒரு சலுகை. ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டிருந்தால், ‘ஆப் பாஸ்வேர்ட்’ என்று 16 எழுத்தில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் இது ரத்தாகிவிடும். பெட்டி மறுபடி எட்டிப் பார்க்கும்!

இதெல்லாம் வெறும் எரிச்சல் விவகாரம் என்று நினைக்காதீர்கள். தினமும் பத்து தடவை பாஸ்வேர்ட் அடிக்கிற கை, எதையும் படிக்காமல் பதினோராவது தடவையும் அடிக்கும். அந்தப் பதினோராவது பெட்டி திருடன் வைத்ததாக இருந்தால்? ‘உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யவும்’ என்று வருகிற மெயில்கள் எல்லாம் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் வருகின்றன. உள்ளே நுழைந்தவன் சத்தம் போடமாட்டான். உங்கள் இன்வாய்ஸ்களை நிதானமாகப் படிப்பான். ஒருநாள் உங்கள் கஸ்டமருக்கு, உங்கள் பெயரிலேயே, ‘எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பணத்தை இதில் போடவும்’ என்று எழுதுவான். அப்புறம் விசாரணை யாரிடமிருந்து ஆரம்பிக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அதனால் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவைக்கு மேல் கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து தப்பாக அடித்தால் கணக்கு லாக் ஆகவும் வாய்ப்பு உண்டு. எந்த புரோகிராம், எப்போதிலிருந்து தொல்லை, பிரவுசரில் திறக்கிறதா, கடைசியாகப் பாஸ்வேர்ட் மாற்றியது எப்போது... இந்த நாலையும் குறித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பிரிவு ஆளிடம் போங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி. பாஸ்வேர்டை மட்டும் அவரிடமும் சொல்ல வேண்டாம். நல்ல ஆளாக இருந்தால் அவரே கேட்கமாட்டார்.

என்னது... மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள் சார்!