கடைசிப் பிரதியின் வயது

"அண்ணை, மொனிட்டரிங் சொஃப்ட்வெயரைப் போட்டிட்டம். எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. இனி என்ன பாக்கிறது?"

வெள்ளவத்தையில் தேத்தண்ணியும் உளுந்து வடையுமாக உட்கார்ந்திருந்தபோது தம்பி ஒருவர் இப்படிக் கேட்டார். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் கொம்பனி ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்ப்பவர். நாற்பது கணினிகள், நாலு சேர்வர், இரண்டு யூபிஎஸ். அவற்றின் நிலையை ஒரே திரையில் காட்டும் கண்காணிப்பு மென்பொருளை நிறுவி முடித்த மகிழ்ச்சி முகத்தில் இருந்தது.

"கடைசியா பக்கப் எடுத்தது எப்ப? அது அந்தத் திரையிலை தெரியுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை, அதை வேற புரோகிராம் ஒண்டு செய்யுது."

அங்கிருந்துதான் பேச்சுத் தொடங்கியது. செட்டியார் தெருவிலிருந்து தெஹிவளை வரை இதே நிலையில் உள்ள அலுவலகங்கள் பல என்பதால், அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2023 ஆகஸ்டில் நம் நாட்டு அரசாங்க மின்னஞ்சலுக்கு நடந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நடத்திவந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை, தரவைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. சேவையைத் திரும்ப எழுப்புவது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. கடினமானது தரவு. சேர்வரோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டது. வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆம் திகதியே முடிந்திருந்தது.

ஆதரவு முடியும் நாள் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த திகதி. பிரித்து வைத்த கடைசிப் பிரதிக்கு எத்தனை நாள் வயது என்பதும் ஒரு எண்தான். கண்காணிப்பு மென்பொருளுக்கு இவை இரண்டையும் கேட்கத் தெரியும். யாராவது கேட்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. நிறுவிய நாளில் அது தானாகக் கேட்பவை வேறு: பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வலையமைப்பில் எவ்வளவு போக்குவரத்து. அந்த எண்கள் எல்லாம் சரியாக இருந்தபடியே ஒரு கொம்பனி தன் மூன்று மாதத் தரவை இழக்க முடியும்.

இந்த மென்பொருள்கள் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிக எளியது பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் எழுதியது. "இருக்கிறாயா?" என்று ஒரு சிறு பொதியை அனுப்பும், "இருக்கிறேன்" என்று மறுபக்கம் பதில் வரும். அந்தப் பதிலைத் தருவது இயங்குதளம். மேலே ஓடும் கணக்கு மென்பொருள் செத்துக் கிடந்தாலும் பிங்குக்குப் பதில் வந்துகொண்டேயிருக்கும். அடுத்தது 1988இல் வந்த எஸ்என்எம்பி. சுவிட்ச், ரவுட்டர், யூபிஎஸ், அச்சுப்பொறி போன்றவற்றுக்குள் நாம் மென்பொருள் எதையும் போட முடியாது. அவை இந்த முறையில்தான் தங்கள் நிலையை எண்களாகச் சொல்கின்றன. சேர்வருக்குள் ஏஜென்ட் என்ற சிறு நிரலை வைத்தால் இன்னும் ஆழமாகக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பயனாளர் செய்வதையே செய்து பார்க்கும் சோதனை ஒன்று வேண்டும்: இணையப் பக்கத்தைத் திற, பரிசோதனைக் கணக்கில் உள்நுழை, ஒரு பட்டியலை எடு, எத்தனை நொடி ஆனது என்று சொல். ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

தம்பி போட்டிருந்தது ஸாபிக்ஸ். லாத்வியாவின் ரீகா நகரில் ஒரு வங்கியில் வேலை பார்த்த அலெக்ஸி விளாடிஷெவ் 1998இல் தன் தேவைக்காக எழுதத் தொடங்கி, 2001இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. நாகியோஸ், புரொமீதியஸ் என்று இதே வரிசையில் வேறும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் பெரிய பிழையில்லை. உரிமத்துக்குக் காசு கேட்காத மென்பொருள் நமக்கு எவ்வளவு முக்கியம் என்பது 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது தெரிந்தது. இங்கே நல்ல மூளைகளும் இலவச மென்பொருளும் இருக்கின்றன. குறைவாக இருப்பது, நிறுவிய பிறகு அதைப் பராமரிப்பதற்கு ஒதுக்கப்படும் நேரம்.

அந்தப் பராமரிப்பில் முதலில் கவனிக்க வேண்டியது கண்காணிப்பு சேர்வரின் சொந்த வயிறு. நூறு கருவிகள், ஒவ்வொன்றிலும் ஐம்பது எண்கள், நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். ஒரு நாளில் 72 லட்சம் எண்கள் வந்து குவியும். ஒவ்வொன்றும் சுமார் 90 பைட் பிடித்தால் நாளுக்கு 650 மெகாபைட், மாதத்துக்கு 19 கிகாபைட். யாரும் பார்க்காவிட்டால், மற்ற டிஸ்க்குகள் நிரம்புவதைச் சொல்ல வேண்டிய சேர்வரே டிஸ்க் நிரம்பி நின்றுவிடும். ஆகவே மூல எண்களை ஒரு மாதம் வையுங்கள். அதற்குப் பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு சராசரி, ஒரு உச்சம், ஒரு தாழ்வு என்று சுருக்கி ஒரு வருடம் வையுங்கள். வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கலாம். டிஸ்க்கின் மொத்த அளவை நாளுக்கு ஒருமுறை கேட்டால் போதும்.

"அப்ப எச்சரிக்கையளை எப்பிடி அண்ணை போடுறது? எனக்கு ராத்திரி முழுக்க மெசேஜ் வருது. இப்ப சத்தத்தை நிப்பாட்டிப் போட்டுத்தான் படுக்கிறனான்."

இது மிகவும் ஆபத்தான நிலை. யாரும் எழும்பிப் பார்க்காத எச்சரிக்கை, இல்லாத எச்சரிக்கையைவிடக் கெடுதலானது. உண்மையான செய்தியை அது தன் கூட்டத்துக்குள் மறைத்துவிடும். டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினால் அலறு என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். 4 டெராபைட் டிஸ்க்கில் மிச்சப் பத்துச் சதவீதம் 400 கிகாபைட். பல மாதம் ஓடும். 100 கிகாபைட் டிஸ்க்கில் அது 10 கிகாபைட். ஒரே இரவில் போய்விடலாம். சதவீதத்தை விடுத்து, "இப்போதைய வேகத்தில் எத்தனை நாளில் நிரம்பும்" என்று கேளுங்கள். ஸாபிக்ஸில் அதற்கென்றே வசதி இருக்கிறது. மூன்று நாளுக்குக் குறைவென்றால் பகலில் ஒரு மின்னஞ்சல், சில மணித்தியாலம் என்றால் நடுச்சாமத்திலும் அழைப்பு. ஒரு பிங் தவறியதும் அலற வேண்டாம்; தொடர்ந்து மூன்று தவறட்டும். மாடியிலுள்ள சுவிட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் இருபது கணினிகளும் இருபது எச்சரிக்கை அனுப்பும். எது எதில் தங்கியிருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்தால் சுவிட்சுக்கான ஒன்று மட்டும் வரும்.

இங்கே நம் நாட்காட்டியையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். "ஒரு மணித்தியாலமாக எந்தப் பற்றுச்சீட்டும் பதியப்படவில்லை" என்பது மிக நல்ல எச்சரிக்கை. எந்தப் பகுதி பழுதானாலும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் மாதாமாதம் போயா வரும். சித்திரைப் புத்தாண்டில் கொழும்பே ஊருக்குப் போய்விடும். இந்த நாட்களைப் பதிந்து வைக்காவிட்டால் பொய் அலறல்தான். கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். 2006 ஏப்ரல் 15 அன்று நாட்டின் நேரம் அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளப்பட்டு மீண்டும் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு என்று வந்ததை அக்கால ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய கருவிகளில் நேர வலயம் சரிதானா, எல்லாம் ஒரே நேரச் சேர்வரைக் கேட்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பழுதின் தடயத்தை மூன்று இயந்திரங்களில் தொடரும்போது மூன்றும் மூன்று நேரம் காட்டினால் எது முதலில் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கரண்ட் விஷயத்தில் கொழும்புக்காரருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடு முழுவதும் இருண்டது. அலுவலகம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை! அப்படியான நேரத்தில் யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? யூபிஎஸ் "100 சதவீதம் சார்ஜ்" என்று காட்டுவது அதிலே உள்ள பற்றரியின் மிச்சத் திறனைச் சொல்லாது. ஈய அமிலப் பற்றரியின் ஆயுள், 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகைக்கும் பாதியாகும். ஏசி நின்றுபோன கொழும்பு அறையில் அது என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அறை வெப்பநிலைக்கு ஒரு உணரி, மாதத்துக்கு ஒருமுறை உண்மையான சுமையோடு ஒரு சோதனை, பற்றரி மாற்றிய திகதி, இவை மூன்றும் திரையில் இருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: கரண்ட் போனதும் ரவுட்டரும் போய்விட்டால், கரண்ட் போனது என்ற எச்சரிக்கை எந்த வழியால் உங்களிடம் வரும்?

முந்தைய காலத்துக் காவலாளி மணிக்கு ஒருமுறை மணி அடிப்பார். மணிச் சத்தம் கேட்காத மணித்தியாலத்தில்தான் வீட்டுக்காரர் எழும்பிப் பார்ப்பார். அதே முறையைக் கண்காணிப்பிலும் வைக்கலாம். கொழும்புக்கு வெளியே, முடிந்தால் நாட்டுக்கு வெளியே, வாடகைக்கு எடுத்த மிகச் சிறிய சேர்வர் ஒன்று போதும். உங்கள் கண்காணிப்பு சேர்வர் அதற்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "நான் நலம்" என்று சொல்லட்டும். சொல்லாமல் விட்டால் அது உங்களுக்குச் செய்தி அனுப்பட்டும். காப்புப் பிரதிக்கும் இதே விதிதான். "பிழை வந்தால் சொல்" என்று வைக்காதீர்கள்; "வெற்றியாக முடிந்தது என்ற செய்தி காலை ஆறு மணிக்குள் வராவிட்டால் எழுப்பு" என்று வையுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது. உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை அது. களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் சுமார் 300 கிகாபைட் தரவை அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடினால் இல்லை. தரவுத்தளத்தின் பதிப்பும் பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பும் பொருந்தாமல், அந்தக் கருவி தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. பிழைச் செய்தி மின்னஞ்சலாக அனுப்பப்பட்டும்தான் இருந்தது. ஆனால் அந்த மின்னஞ்சல்களை, முறையாகக் கையொப்பமிடப்படாதவை என்று பெறும் பக்கம் திருப்பிவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன்பு கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதி அவர்களைக் காப்பாற்றியது. அங்கே குறைவாக இருந்தது திறமையோ பணமோ அல்ல. செய்தி வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் முழு உலகுக்கும் எழுதி வெளியிட்ட அவர்களுடைய நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். அதனால்தான் நாம் இதைத் தேத்தண்ணி மேசையில் பேச முடிகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாச் சேர்வருக்குள்ளும் கை வைக்கும் உரிமை கண்காணிப்பு மென்பொருளுக்கு உண்டு. அதனால் திருடருக்கும் அதுவே முதல் இலக்கு. 2020இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் இற்றைப்படுத்தலுக்குள் ஊடுருவிகள் தங்கள் நிரலை வைத்துவிட, 18,000 வரையான வாடிக்கையாளர்கள் அதைத் தாங்களே நிறுவிக்கொண்டார்கள். அந்த டிசம்பரில்தான் விஷயம் வெளியே வந்தது. நம்மளவில் செய்யக்கூடியது: வாசிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கைக் கொடுங்கள், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். எஸ்என்எம்பியில் "பப்ளிக்" என்று இருக்கும் இயல்புச் சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். கருவி இடங்கொடுத்தால் மூன்றாம் பதிப்பை, குறியாக்கத்தோடு போடுங்கள். அந்தத் திரையை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

இனி, மனிதர்கள். 2022க்குப் பிறகு கணினித் துறையிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் மெல்பேர்னுக்கும் ரொறன்ரோவுக்கும் டுபாய்க்கும் போய்விட்டார்கள். எச்சரிக்கைப் பட்டியலில் அவர்களுடைய இலக்கங்கள் இன்னும் இருக்கின்றன. இங்கே சேர்வர் விழ, செய்தி பாவனையில் இல்லாத ஒரு சிம்முக்குப் போகிறது. ஒருவர் விலகும் நாளில் அவருடைய கதவுச் சாவியை வாங்குகிறோம்; அதே நாளில் இந்தப் பட்டியலையும் திருத்த வேண்டும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் கீழே, வந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, வேலை செய்பவருக்கு விளங்கும் மொழியில் எழுதியிருக்க வேண்டும். எழுத எதுவும் இல்லையென்றால் அந்த எச்சரிக்கையை எடுத்துவிடுங்கள். முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள்: இரவில் எழும்பிப் பார்ப்பதும் வேலைதான், அதற்குச் சம்பளமும் மறுநாள் காலை ஓய்வும் கொடுங்கள். ஒரே பிள்ளையை முந்நூற்றறுபத்தைந்து நாளும் எழுப்பாதீர்கள்.

"அப்ப நான் எங்கை இருந்து தொடங்க?" என்று தம்பி கேட்டார்.

வரும் சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு இரண்டு காரியம் செய்யும் என்றேன். கண்காணிப்பு சேர்வரின் வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, உம்முடைய கைபேசி அடிக்க எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளும். அடிக்கவே இல்லையென்றால் அதையும் எழுதும். பிறகு போன வாரத்துக் காப்புப் பிரதியை வேறொரு கணினியில் விரித்து, கணக்குப் பிரிவில் இருப்பவரைக் கூப்பிட்டு, ஒரு இன்வொய்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லும். அவர் "ஓம், இது சரிதான்" என்றால் அன்றைய திகதியைத் திரையில் ஒரு எண்ணாகப் போடும். முப்பது நாள் தாண்டினால் அது சிவப்பாகட்டும்.