ரிட்டர்ன் லோடு கிடைத்தால் பிறந்தநாள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரிக்காரர் வீடுகளில் "அப்பா எப்ப வருவாரு?" என்று குழந்தை கேட்டால் யாரும் தேதி சொல்வதில்லை. "லோடு கெடைச்சா வந்துருவாரு சாமி" என்பார்கள். குழந்தையைச் சமாளிக்கச் சொல்லும் பதில் அல்ல அது, தொழிலின் கணக்கே அதுதான். சேலத்து ஜவ்வரிசியை வடக்கே கொண்டுபோய் இறக்கிய வண்டி காலியாகத் திரும்பினால் வாங்கிய வாடகையை டீசலே தின்றுவிடும். அதனால் புக்கிங் ஆபீஸ் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நாசிக் வெங்காயமோ நாக்பூர் ஆரஞ்சோ, தெற்கே வருகிற ஏதாவது ஒரு சரக்கு அமையும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அது மறுநாளே அமையலாம், நாலைந்து நாள் இழுக்கவும் செய்யலாம்.

வீட்டில் குழந்தைக்குப் பல் முளைப்பதும், அது சுவரைப் பிடித்து எழுந்து நிற்பதும், மூன்றாவது பிறந்தநாள் வந்து போவதும் இந்த இழுபறி நாட்களில்தான்.

1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்துக்குக் கோழிமுட்டை ஒரு முகம் என்றால், லாரி இன்னொரு முகம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், சமையல் கேஸ் டேங்கர்கள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் என்று ஊரின் பிழைப்பே சக்கரத்தின் மேல் ஓடுகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோல்கேட் வரிசை குறைந்தது. இரண்டாலும் சாலையில் நிற்கும் நேரம் மிச்சமாயிற்று. ஆனால் அந்த மிச்சத்தைக் கொண்டு, அப்பா இத்தனாம் தேதி வருவார் என்று வீட்டில் யாரும் உறுதி சொல்லிவிட முடியவில்லை. திரும்பும் சரக்கை எந்தச் சட்டமும் நேரத்துக்குக் கொண்டுவந்து தருவதில்லை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே எழுதி வைத்தது. நீண்ட தூரம் ஓட்டுகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

இந்தத் தொழிலில் ஒரு முரண் உண்டு. ஊர் கொண்டாடுவதற்கான சரக்கைச் சுமக்கிறவர்தான் அந்தக் கொண்டாட்டத்துக்கு வீட்டில் இருப்பதில்லை. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசிக்குப் பெரிய சந்தை மகாராஷ்டிரம். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வழியாகவும் தனி வியாபாரிகள் வழியாகவும் சரக்கு அங்கே போகிறது. ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருக்கிற மராட்டியக் குடும்பங்கள் அதில் கிச்சடி செய்து சாப்பிடுகின்றன. அந்தச் சமயத்தில்தான் இங்கேயும் ஆயுத பூஜை வருகிறது. சிவகாசிப் பட்டாசும் அப்படியே. வடக்கே இருக்கிற குழந்தைகள் கொளுத்தப்போகும் மத்தாப்பை ஏற்றிக்கொண்டு தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எத்தனையோ டிரைவர்கள் ஓடுகிறார்கள். சொந்தப் பிள்ளைக்கு மத்தாப்பு வாங்குவது அநேகமாகத் தாய்மாமன் பொறுப்பாகிவிடும்.

ஆயுத பூஜை மட்டும் விதிவிலக்கு. அது வண்டிக்கே உரிய பண்டிகை என்பதால், முடிந்தவரை வண்டியோடு ஊருக்கு வந்துவிடப் பார்க்கிறார்கள். வண்டியைக் கழுவி, பம்பரில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்ததும், பிள்ளைகளை கேபினில் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போவார்கள். பேரனைத் தூக்கி உயரமான படியில் ஏற்றிவிடும் அப்பாருவுக்கு அன்று முதுகு வலிப்பது வழக்கம். ஆரன் அடிக்க அனுமதி கிடைக்கும். அப்பா மாதக்கணக்கில் எங்கே இருக்கிறார் என்பதைச் சின்னக் குழந்தைக்கு யார் சொல்லியும் விளக்க முடியாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகைப் படுக்கையையும், தொங்கவிட்ட துண்டையும், சமைக்கிற பாத்திரத்தையும் பார்த்தால் அதற்கே விளங்கிவிடுகிறது: அப்பாவுக்கும் ஒரு வீடு இருக்கிறது, அது இங்கே இருக்கிறது.

அடுத்த கணக்கு உடனே தொடங்கும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே ஏறக்குறைய 20 நாள். நாமக்கல்லிலிருந்து டெல்லி 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓட்டினாலும் போகவே ஐந்தாறு நாள், வரவும் அதே அளவு. இடையில் லோடு ஏற்ற, இறக்க, காத்திருக்க. ஒரு நடை அடித்துவிட்டு அமாவாசைக்குள் திரும்பலாம் என்றுதான் கணக்குப் போடுவார்கள். பெரும்பாலும் போட்ட கணக்கு ஓரிரு நாளில் தவறும்.

தவறினால் என்ன? தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலைத் தள்ளிப்போட முடியாது, பொங்கல் பானையையும் நிறுத்தி வைக்க முடியாது. அவை ஊரோடு நடந்துவிடும். ஆனால் பிறந்தநாளைத் தள்ளலாம். குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதையும் தள்ளலாம். தாய்மாமன் மடி, நல்ல முகூர்த்தம், அப்பாவின் வரவு மூன்றும் ஒன்றாக அமையும் நாள்தான் அதற்கு நாள். கேக் வெட்டுவதைப் பத்து நாள் தள்ளிவைத்தால் ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைக்கு ஒன்றும் குறைவதில்லை என்பதே உண்மை. "நாளை மறுநாள்" என்பதே அந்த வயதில் பிடிபடாது. காலண்டரைப் பார்த்து மனசு கலங்குகிறவர்கள் பெரியவர்கள்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேண்டுமானால் ஒரு நாள் தவறும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களின் நாட்காட்டி வேறு மாதிரி. ஆழ்துளைக் கிணறு போடும் இந்த வண்டிகள் கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று போய் மாதக்கணக்கில் அங்கேயே தங்கி வேலை செய்பவை. கோடை முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம், ஆகவே கோடை முழுக்க வேலை. பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு விடும் ஏப்ரல், மே மாதங்களில் அப்பா எங்கோ ஒரு காட்டில் 500 அடி, 800 அடி என்று குழாய் இறக்கிக்கொண்டிருப்பார். மழை பிடித்து வயல் சேறானால் கனத்த வண்டி உள்ளே இறங்காது, துளை போடக் கேட்பவர்களும் குறைவு. அப்போதுதான் ஊர்ப் பக்கம் வர ஓய்வு.

அந்த மழைக்காலத்தில் இங்கே ஆடி. சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு பக்கங்களில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் பண்டிகை. தேங்காயை நார் இல்லாமல் வழவழப்பாக உரசி, ஒரு கண்ணைத் துளைத்து, அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, கூர் சீவிய அழிஞ்சில் குச்சியில் செருகி, மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டுவார்கள். ஓடு கருகி வெடிக்கும்போது உள்ளே பூரணம் வெந்திருக்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுத் தின்னலாம். பெரிய செலவில்லாத, முழுக்க முழுக்கப் பிள்ளைகளுக்கான கொண்டாட்டம். குச்சியை நீளமாகப் பிடித்துக்கொள்ளவும், கை சுடாமல் பார்த்துக்கொள்ளவும் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். தீபாவளிக்கு அகப்படாத அப்பா, மழை புண்ணியத்தில் அதற்கு அகப்படுகிறார்.

குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் பிரிவு எப்படிப்பட்டது? இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1950களில் உகாண்டாவின் கிராமங்களில் தாய்மார்களையும் கைக்குழந்தைகளையும் வீட்டிலேயே போய்க் கவனித்தவர், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை வடிவமைத்தார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் புது அறையில் இருப்பார்கள். தாய் சில நிமிடம் வெளியே போய்விட்டுத் திரும்புவார். மொத்தமே 20 நிமிட விவகாரம். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, திரும்பி வந்ததும் அது என்ன செய்தது என்பதே எய்ன்ஸ்வொர்த்துக்கு முக்கியமாகப் பட்டது. ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போன குழந்தைகளும் இருந்தன, திரும்பிக்கூடப் பார்க்காமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்த குழந்தைகளும் இருந்தன. கண்டுகொள்ளாமல் இருந்த குழந்தைகளுக்கும் இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்ததை 1970களில் வேறு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

லாரிக்காரர் வீட்டுத் திண்ணையில் இது ஆய்வகம் இல்லாமலே நடக்கும். மூன்று வாரம் கழித்து வந்து இறங்கும் அப்பா இரண்டு கையையும் நீட்டுவார். இரண்டு வயதுப் பிள்ளை அப்பத்தாவின் சேலைக்குப் பின்னால் போய் நிற்கும். "அப்பா வந்திருக்காரு பாரு கண்ணு, போ" என்று நாலு பேர் தள்ளிவிடத் தள்ளிவிட இன்னும் பின்னால் போகும். "என்னையே மறந்துட்டான்" என்று அந்த மனிதர் முகம் சுண்டிப்போவார். மறந்திருந்தால் குழந்தை இத்தனை பாடுபட்டு ஒளிய வேண்டியதில்லை. விட்டுப்போனவரிடம் மறுபடி சேர அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். ஆக்ரா பேட்டா இனிப்பும் பேட்டரி காரும் அந்த நேரத்தைச் சுருக்குவதில்லை, காரை வாங்கிக்கொண்டு குழந்தை அம்மாவிடமே ஓடும். தரையில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அப்பாவை நோக்கித்தான் அது அரை மணியில் ஒவ்வொரு அடியாக வரும்.

கிளம்பும்போது அழுவான் என்று பயந்து, தூங்குகையில் நழுவிவிடுவது பல வீடுகளில் வழக்கம். அப்போதைக்குச் சௌகரியம்தான். எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம் என்று ஆகிவிட்ட குழந்தை, அடுத்த தடவை அப்பா குளிக்கப் போனாலும் கதவைத் தட்டும். சொல்லிவிட்டுப் போனால் அழுகை வாசலோடு முடிகிறது. திரும்பும் தேதியை வாக்குக் கொடுக்காமல், போகும் ஊரையும் வண்டியில் இருக்கும் சரக்கையும் சொல்லிவிட்டுப் போகிற டிரைவர்கள் உண்டு. வெங்காயத்தோடு வருவார் என்று தெரிந்த பிள்ளை, தேதியைக் கேட்காமல் வெங்காயத்தைக் கேட்கும்.

செல்போன் வந்து இந்த வீடுகளுக்கு நிஜமாகவே ஒரு நன்மை செய்திருக்கிறது. 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று 2016இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், வீடியோ காலுக்கு மட்டும் விலக்குத் தந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் நேரில் பேசுகிறவரிடமிருந்தும் நேரலை வீடியோவில் பேசுகிறவரிடமிருந்தும் புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டன, பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. காரணம் எளியது. நேரலையில் குழந்தை சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரிக்கிறார். தாபாவில் வண்டியை நிறுத்திவிட்டு, சுட்ட ரொட்டியைக் கேமராவில் காட்டி, "உனக்கு ஒரு வாய்" என்று நீட்டும் அப்பாவுக்கு அந்த ஆய்வைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அம்மா பயணம் போனால் கதை மாறுகிறது. ஒரு வாரம் ஹைதராபாத்துக்கோ சிங்கப்பூருக்கோ ஆபீஸ் வேலையாகப் போகும் சென்னைப் பெண்ணிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குழந்தையை யார் பார்த்துக்குவா?" வருஷத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கும் ஆணிடம் இதை யாரும் கேட்டதில்லை. சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் தந்தது. தமிழக அரசு ஊழியப் பெண்களுக்கு 2021இலிருந்து 12 மாதம். தகப்பன் என்றால் மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள், தனியார் துறையில் சட்டப்படி எதுவும் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் லாரி டிரைவர் இந்தப் பேச்சிலேயே வரமாட்டார்.

பண்டிகைக்கு எல்லாரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்பும்போது வேறொரு கணக்கு. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. காலை 8 மணிக்குத் திறந்ததும் நெல்லை, பாண்டியன், முத்துநகர் ரயில்களில் தீபாவளிக்கு முந்தைய இரவுக்கான இடம் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை, ஆனால் படுக்கையும் இல்லை. ஐந்து முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். தமிழக அரசுப் பேருந்துகளில் மூன்று வயதுவரை இருந்த இலவசம் 2022இல் ஐந்து வயதாக உயர்ந்தது. மடியில் குழந்தையோடு கிளாம்பாக்கத்தில் ஏறி மதுரையில் இறங்கியவருக்குத் தெரியும், மிச்சமானது காசு மட்டும்தான் என்று.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் இப்போது ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா இளைஞர்களும் நிறைய வேலை பார்க்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அப்பன்மாரும் அதைத்தான் விரும்பினார்கள். ஜார்க்கண்ட்காரருக்குத் தீபாவளியைவிட, அது முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கு வீட்டில் இருப்பது முக்கியம். அதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் லீவு கேட்கையில், இங்கே மேலாளர் அடுத்துத் துளை போடும் பாயிண்டுக்கு ஆள் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு வண்டிக்கு ஒரு வண்டி ஆள்தான் தேறும் என்றால், யாருடைய பிள்ளை சின்னது என்று கேட்டு முதலில் அவரை அனுப்பிவைக்கிற வண்டி முதலாளிகளும் இருக்கிறார்கள். முன்பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.